இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் அட்டை

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியை அரசாங்கம் பொறுப்பெடுத்த பிறகு, நோயாளி அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக ஒரு சுகாதார அதிகாரி அம்மா வந்தார். மொத்தம் பதினேழு மரப்பெட்டிகள். ஒன்றைத் திறந்து பார்த்தவர் அடுத்ததையும் திறந்தார். பிறகு எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சொன்னார். "இத யாரு அடுக்கினது?" என்று கேட்டிருக்கிறார். அதற்கப்புறம்தான் வேலையை விட்டு வீட்டோடு இருந்த என்னைக் கூட்டிப்போக ஆள் வந்தது.

"நாந்தாங்க அடுக்கினேன்," என்றேன்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"மூணாம் வகுப்புங்க. அதுவும் மழை பெய்யாத நாள்ல மட்டும்."

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. இந்த முறை எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறேன். இந்தத் தெரணியகலைப் பக்கத்தில் என்னைப் போல் அட்டை எடுக்கிற ஆள் முன்பும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லக்கூடிய ஒரே மனிதர் இப்போது உயிரோடு இல்லை.

அந்த மனிதர் எங்கள் டிஸ்பென்சர் சலீம் ஐயா. எஹலியகொடைக்காரர். டொக்டர் இல்லை, ஆனால் தோட்டத்தில் எல்லாரும் டொக்டர் ஐயா என்றுதான் கூப்பிட்டோம். நான் அப்போது ரப்பர் பெக்டரியில் ஷீட் பிரிக்கிற வேலையில் இருந்தேன். புகையறையில் காய்ந்து வரும் ஷீட்டை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். வெளிச்சத்தில் குமிழி தெரியும், பட்டைத் துகள் தெரியும், பூஞ்சை தெரியும். ஒரு பார்வை பார்த்து, நாலு குவியலில் எந்தக் குவியலுக்குப் போக வேண்டுமோ அதில் போட வேண்டும். மற்றவர்கள் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் நான் ஐந்தைப் போட்டுவிடுவேன். பெக்டரியில் ஒருவனுடைய கை ரோலரில் மாட்டியபோது ஐயா ஓடி வந்தார். கட்டுப் போட்டு முடித்தவர் உடனே போகவில்லை. நான் ஷீட் பிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பெக்டரி ஒஃபீசரிடம், "இந்த ஆள எனக்குத் தாங்க," என்றார்.

அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் கூட்டிப் பெருக்கினேன், தண்ணீர் கொதிக்க வைத்தேன், புண் கழுவினேன். மருந்துப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்த எழுத்துகளைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துப் பழகினேன். மற்றவர்கள் ஏ ஃபோர் ஆப்பிள் என்று படித்த எழுத்தை நான் ஏ ஃபோர் ஆஸ்பிரின் என்று படித்தேன். இரண்டு வருஷத்தில் பெயர், வயது, குடியிருக்கிற லயம், மருந்து எல்லாம் அச்சடித்த மாதிரி எழுதினேன். என் எழுத்தைப் பார்த்து, ஒஃபீஸ் கிளார்க் தன்னுடைய எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அடுக்குகிற மூளையை எனக்குத் தந்தவர் ஐயாதான். ஒருநாள் மூன்று பேனாக்களை மேசையில் வைத்தார். சிவப்பு, நீலம், கறுப்பு.

"மருதை, மனுசன்ட ஒடம்புல மூணு வகையான சேதி ஈக்கி. மாறாதது ஒன்டு. வருசக்கணக்கா கூட வாரது ஒன்டு. வந்து போறது ஒன்டு. கலந்து வச்சா ஒன்டும் தெரியாது. பிரிச்சு வச்சா ஆளே தெரியும்."

மாறாதது சிவப்பு, கூட வருவது நீலம், வந்து போவது கறுப்பு. ஒவ்வோர் அட்டையிலும் மூன்று கட்டங்கள். அவ்வளவுதான். கேட்கச் சின்ன விஷயம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரப்பர் ஷீட்டை நாலாகப் பிரித்தவன் நான். மனுஷனைப் பிரிக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. லயத்தில் போகிற வருகிற எல்லாரையும் உற்றுப் பார்த்தேன். இவருக்குள் எது சிவப்பு, அவளுக்குள் எது நீலம் என்று.

ஐயா என்னைச் சோதிப்பார்.

"இழுப்பு?"

"நீலங்க."

"வயித்தோட்டம்?"

"கறுப்பு."

"பாம்புக் கடி?"

"வந்து போறதுதானேங்க? கறுப்பு."

"கடிச்சது கறுப்பு. அதுக்குப் போட்ட மருந்து ஒத்துக்காமப் போயிருந்தா?"

ஐயா சிவப்புப் பேனாவை என் பக்கம் உருட்டி விட்டார். ஒரே நாளில், ஒரே ஆளுக்கு நடந்த ஒரே சம்பவம், இரண்டு கட்டத்துக்குப் பிரிந்து போகிறது! அந்தப் பேனா உருண்டு வந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அவர் வேலை செய்கிற விதம் தனி. நோயாளி வந்து உட்கார்ந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டார். முதலில் அட்டை. சிவப்பு, பிறகு நீலம், பிறகு கறுப்பு. விரலை வைத்துக்கொண்டு படிப்பார். அதற்கப்புறம்தான் தலையைத் தூக்கி, "காலையில எனத்த சாப்பிட்டீங்க?" என்பார். ஊசியைக் கையில் எடுத்த பிறகும் ஒருமுறை சிவப்புக் கட்டத்தைப் பார்ப்பார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பார்த்ததுதானே என்று நினைக்க மாட்டார். எத்தனை கூட்டம் இருந்தாலும் அப்படித்தான்.

பெட்டிக்குள் அட்டைகளை எந்த வரிசையில் வைப்பது என்பது என் பொறுப்பு. பெயர் வரிசையில் வைக்க முடியாது. எங்கள் தோட்டத்தில் ஆறு லெட்சுமி, நாலு முனியம்மா, ராமசாமி எத்தனை என்று எண்ணவே வேண்டாம். ஆகவே தோட்டத்து வேலைப் பதிவில் உள்ள செக்ரோல் நம்பர் வரிசையில் வைத்தேன். பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் கூப்பிடுவது நம்பர் சொல்லித்தான். யாரைக் கேட்டாலும் பெயருக்கு முன்னால் நம்பரைச் சொல்வார்கள். ஒவ்வொரு நம்பரின் அட்டைக்குப் பின்னால் வீட்டிலுள்ள மற்றவர்களின் அட்டைகள். பிள்ளைத்தாய்ச்சி என்றால் மூலையில் மஞ்சள் நூல், பிரஷர் என்றால் வெள்ளை நூல். ஒருமுறை வெளியிலிருந்து ஒரு பெரிய டொக்டர் வந்து, தோட்டத்தில் உள்ள பிள்ளைத்தாய்ச்சிகளின் விவரம் வேண்டும் என்றார். ஐயா என்னைப் பார்த்தார். அவருக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லா அட்டைகளும் மேசையில் இருந்தன. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கை இதுதான், எழுதிக்கொண்டிருக்கிற கை.

இனிச் சொல்லப்போவதை நான் முன்பு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு வந்த காலம். வயது போனவர்களையெல்லாம் ஒரே தடவையில் ஓய்வில் அனுப்பினார்கள். அவர்களுடைய நம்பர்கள் மகனுக்கோ மருமகளுக்கோ போயின. தோட்டத்தில் அது பெரிய காரியம். நம்பர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்றால் குடியிருக்கிற லயக்காம்பிரா பறிபோகாது என்ற தைரியம். நம்பர் கைமாறிய வீடுகளில் அன்றைக்குப் பாயாசம் வைத்தார்கள். ஐம்பத்தெட்டு நம்பர்கள் அப்படிக் கைமாறின.

அந்த நேரத்தில்தான் ஐயாவின் மகளுக்குக் கல்யாணம். "ஓய்வு போனவங்கட கார்டு, புதுசா வந்தவங்கட கார்டு எல்லாத்தையும் சரி பண்ணி வைங்க மருதை," என்று சொல்லிவிட்டு எஹலியகொடைக்குப் போனார்.

நாலே நாள். ராத்திரி பகல் பார்க்காமல் என்று பொய் சொல்ல மாட்டேன். பகலில் மட்டும்தான் செய்தேன், அப்படியும் முடித்தேன். பெட்டியில் இருந்தது நம்பர் வரிசை. நம்பர் அதேதானே? ஆகவே பழைய அட்டையில் அடிமட்டம் வைத்துப் பழைய பெயரை ஒரே நேர்கோடாக வெட்டினேன். அதற்கு மேலே புதிய ஆளின் பெயர், வயது. ஓய்வில் போனவர்களுக்குக் குடும்பத்தின் பின்வரிசையில், பெயரும் வயதும் மட்டும் எழுதிய புது வெள்ளை அட்டை. ஐயா திரும்பி வந்தபோது பெட்டிகள் வரிசை குலையாமல் நின்றன.

"நாலு நாள்ல முடிச்சிட்டீங்களா!" என்றார். கல்யாண வீட்டிலிருந்து எனக்கென்று தனியாக மஸ்கெட் இனிப்புக் கொண்டுவந்திருந்தார். அதைக் கையில் கொடுத்துவிட்டு, "இனி நான் பாக்கத் தேவையில்ல," என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அதுதான். அவரும் பார்க்கவில்லை.

சில வாரம் போயிருக்கும். மழை விட்ட ஒரு காலை நேரம், செல்லம்மாவை அவருடைய மருமகள் ராணி தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். செல்லம்மா ஓய்வில் போனவர்களில் ஒருவர். விறகு வெட்டும்போது காலில் பட்டதாம். முழங்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் நெருப்பு.

"எத்தன நாள்?" என்றார் ஐயா.

"நேத்துத்தாங்க பட்டிச்சு," என்றார் செல்லம்மா.

"நாலு நாளுங்க ஐயா," என்றாள் ராணி. "பொய் சொல்றாங்க. டவுனுக்கு அனுப்பிருவீங்கன்னு பயம்."

"என் நம்பரத்தான்டி ஒனக்குக் குடுத்தேன். வாயையும் சேத்தா குடுத்தேன்?"

காய்ச்சலில் உதடு காய்ந்து போயிருந்தது. அப்படியும் அந்தப் பேச்சு. நான் ஒரே எட்டில் அட்டையை எடுத்து வைத்தேன். மகனுடைய நம்பருக்குப் பின்னால் இருந்த வெள்ளை அட்டை. ஐயா படித்தார். காலைப் பார்த்தார். பெனிசிலின் கலக்கச் சொன்னார். கலந்து கொடுத்தேன். ஊசியைக் கையில் எடுத்தவர் வழக்கப்படி மறுபடி அட்டையின் பக்கம் திரும்பினார்.

அப்படியே நின்றார்.

"மருதை, இவங்களுக்கு எத்தன வயசு?"

"அம்பத்தாறுங்க."

"முப்பது வருசம் மலையில நின்ட ஒடம்பு. இதுல ஒரு எழுத்து இல்ல. நேத்துப் பொறந்த புள்ளைட கார்டு மாதிரி ஈக்கி."

எழுதியிருப்பதைப் படிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதாததைப் படித்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் நூறு தடவை அந்த மாதிரி வெள்ளை அட்டைகளைக் கையில் எடுத்திருக்கிறேன். வெள்ளை என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"அக்கா, எந்த ஊசியாவது ஒங்களுக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?"

"இல்லீங்க ஐயா. ஐயா போடுற எல்லா ஊசியும் நல்ல ஊசிதாங்க," என்றார் செல்லம்மா. டவுனுக்கு அனுப்பாமல் இருப்பதற்கு அவர் எதையும் சொல்வார்.

ஐயா ஊசியைத் தட்டில் வைத்தார். "பழைய நம்பர் எனத்த?"

"இருநூத்திப் பன்னெண்டுங்க."

"அந்தக் கார்ட எடுங்க."

உள்ளே போய் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டே எடுக்கிறவன், அன்றைக்கு எடுத்த பிறகு கண்ணைத் திறந்தேன். சிவப்புக் கட்டத்தில் ஐயாவின் கையெழுத்து. மருந்துப் பெட்டியில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த அதே நீளமான சொல். PENICILLIN. அதற்கு முன்னால் பெரிதாக ஒரு NO. பல வருஷத்துக்கு முன் ஊசி போட்டதும் செல்லம்மா விழுந்து, உதடு நீலமாகி, மூச்சு நின்று திரும்பி வந்த கதை இரண்டு வரியில். அதற்கு மேலே, அடிமட்டம் வைத்து வெட்டிய என் கோடு. செல்லம்மா என்ற பெயர் கோட்டுக்கு அடியில். கோட்டுக்கு மேலே அச்சடித்த மாதிரி என் எழுத்து: RANI, 24.

நம்பர் கைமாறியபோது செல்லம்மாவின் உயிர்ச் சேதியையும் சேர்த்து மருமகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முன்னறைக்கு வந்தேன். ஐயா நின்றபடியே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி முடித்திருந்தார். அதே நேரம் பின்னாலிருந்து மருத்துவிச்சி மிஸ்ஸி அவரைக் கூப்பிட்டார். பிரசவ அறையில் பிள்ளையின் தலை இறங்காமல் ஒரு பெண் காலையிலிருந்து கிடந்தாள். ஐயா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஷீட் ஏத்தின லொறி பொறப்படுது. நீங்களே கூடப் போங்க மருதை. இந்த லெட்டர், அந்தப் பழைய கார்டு, ரெண்டையும் டொக்டர்ட கையில குடுங்க. அத பாக்காம ஒரு ஊசியும் போட வாணாம் எண்டு சொல்லுங்க. அதுல எல்லாம் ஈக்கி."

இரண்டே எட்டு வைத்து அட்டையை அவர் முன்னால் நீட்டியிருக்கலாம். கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதியிருப்பார். நான் நீட்டவில்லை. இனி நான் பார்க்கத் தேவையில்லை என்று சொன்ன மனிதரிடம் அந்தக் கோட்டைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. உறைக்குள் போட்டு மடித்தேன்.

லொறியில் முன் இருக்கையில் செல்லம்மாவும் ராணியும். நான் பின்னால் ரப்பர் ஷீட் கட்டுகளுக்கு மேலே. வளைவுக்கு வளைவு செல்லம்மாவின் முனகல் கேட்டது. நடுவில், "டிரைவர் தம்பி, ஒங்க லொறி ஓடுதா, நெல்லுக் குத்துதா?" என்ற குரலும் கேட்டது. அந்தக் குரல் கேட்கும்வரை எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது. டவுன் நெருங்க நெருங்க அது கேட்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் இளம் வயதுச் சிங்கள டொக்டர் மிஸ். உடனே கட்டிலில் போட்டார்கள். கடிதத்தைப் படித்தார். அட்டையை எடுத்தார். சிவப்பைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் நல்ல டொக்டர். மேலே பெயரையும் பார்த்தார்.

"மே காட் எக காகெத?" இந்த அட்டை யாருடையது என்று கேட்டார்.

கட்டிலின் தலைமாட்டில் நின்ற ராணி உடனே, "மகே, மிஸ்," என்றாள். என்னுடையது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அது அவள் நம்பர். பெரட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு என்றால் ஓடிப் போய் நிற்கிறவள் அவள். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பெயரும் அவள் பெயர்தான்.

"நமே?"

"ராணி, மிஸ்."

"வயது?"

"இருபத்து நாலு."

டொக்டர் தலையாட்டினார். சிவப்பு எழுத்தை ராணிக்குக் காட்டி, இந்த மருந்தை எங்கேயும் போட்டுக்கொள்ளாதே, கவனமாக இரு என்று அவளுக்கு அன்பாகப் புத்தி சொன்னார். ராணியும் சரி சரி என்றாள். பிறகு உறைக்குள் இருந்த அட்டை தவறாக வந்துவிட்டது என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொன்னார்.

எனக்குத் தெரிந்த சொல். பெட்டியில் படித்த சொல்.

"வாணாம் மிஸ், அந்த மருந்து வாணாம்," என்றேன் சிங்களத்தில்.

"ஏன்?"

"அந்த அட்டை இவருடையது."

"இவள் தன்னுடையது என்கிறாளே. பெயரும் இருக்கிறதே." டொக்டருக்குப் பொறுமை குறைந்தது. "நீங்கள் யார்?"

வார்டு முழுக்க ஆட்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் ஆட்களும் இருந்தார்கள். ஆஸ்பத்திரி மருதை என்று என்னைத் தெரிந்தவர்கள். நர்ஸ் குப்பியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செல்லம்மா கண்ணை மூடிக் கிடந்தார். வாயாடிக்கு வாய் திறக்கவில்லை. அவருக்குச் சொல்ல முடியாது, ராணிக்குத் தெரியாது. அந்த அறையில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"மம தமய் நம கெபுவே, மிஸ்," என்றேன். நான்தான் பெயரை வெட்டினேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லாரும் திரும்பினார்கள். கோட்டுக்கு அடியில் இருக்கிற பெயரைப் பாருங்கள் என்றேன். நம்பர் கைமாறினால் ஆளும் மாறிவிட்டதாக நினைத்து வெட்டினேன் என்றேன். ஓர் அட்டையை இல்லை, ஐம்பத்தெட்டு அட்டைகளை இப்படிச் செய்திருக்கிறேன் என்றேன். என் டிஸ்பென்சர் ஐயாவுக்கு இது தெரியாது, அவரிடம் மறைத்துத்தான் கொண்டுவந்தேன் என்பதையும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

டொக்டர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், நான் ஷீட் பார்ப்பதைப் போலவே. கோட்டுக்கு அடியில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். சிவப்பில் எழுதிய நாளையும் ராணியின் வயதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அன்றைக்கு ராணி கைக்குழந்தை. கையைத் தூக்கினார், நர்ஸ் குப்பியைக் கீழே வைத்தார்.

வேறு மருந்து ஏற்றினார்கள். டொக்டர் என்னைத் திட்டவில்லை. அட்டையையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, "இப்போது சொன்னதை இதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்," என்றார். எழுதினேன். நோயாளி அட்டையில் நான் போட்ட முதல் கையெழுத்து. அச்சடித்த மாதிரி இல்லை அது. கோழி கிளறின மாதிரி இருந்தது.

பின்னேரம் தோட்டத்துக்குத் திரும்பியபோது ஐயா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பிரசவம் நல்லபடி முடிந்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தன கார்டு?"

"அம்பத்தெட்டுங்க."

"அதுல எத்தனைல செவப்பு ஈக்கி?"

"பாக்கலீங்க ஐயா."

"நானும் பாக்கல," என்றார். எனக்கு அடி விழுந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். "பொட்டிய எறக்குங்க."

ஐம்பத்தெட்டையும் மேசையில் பரப்பினோம். இடையில் வந்த நாட்களில் புதிய ஆட்களின் காய்ச்சலும் இருமலும் பழைய ஆட்களின் அட்டைகளில் ஏறியிருந்தன. நாளைப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து, ஒவ்வொரு வரியாகப் பிரித்தோம். சந்தேகம் வந்த இடங்களில் அடுத்தநாள் லயம் லயமாக நடந்து கேட்டோம். சேலைன் பெட்டிகளின் அட்டையை வெட்டிப் புது அட்டைகள் செய்தேன். ஏழு பேருடைய சிவப்புச் சேதி அவர்களை விட்டுப் போய் வேறொருவரின் பெயரில் கிடந்தது. அந்த ஏழு பேர் வீட்டுக்கும் ஐயா தானே போய், உட்கார்ந்து, அதை வாயால் சொல்லிவிட்டு வந்தார்.

"நம்பர் தோட்டத்துட, மருதை," என்றார் ஒரு லயத்துப் படியில் இறங்கும்போது. "ஒடம்பு அவங்கட."

அன்றிலிருந்து வந்ததுதான் அதிகாரி அம்மா பார்த்து அதிசயித்த முறை. ஒவ்வோர் ஆளுக்கும் ஆஸ்பத்திரியின் சொந்த இலக்கம். பிறந்த குழந்தைக்கும் ஒன்று. வேலையில் சேர்ந்தாலும், நின்றாலும், கல்யாணம் முடித்து வேறு தோட்டம் போனாலும், செத்தாலும்கூட அந்த இலக்கம் வேறு யாருக்கும் போகாது. செக்ரோல் நம்பரிலிருந்து அந்த இலக்கத்தைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு நோட்டுக் கொப்பி. அந்தக் கொப்பியைக் கண்டுபிடித்தவன் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, இருக்கத்தான் செய்யும்.

செல்லம்மா முதல் மூன்று நாள் பிழைப்பாரா என்பதே தெரியவில்லை. காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். தோட்டத்துக்குப் போகிற வருகிற லொறிக்காரர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினான்காவது நாள் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, ராணியைப் பின்னால் விட்டுவிட்டு, இரண்டு காலோடும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

"என்னா தம்பி, என்னைய வெட்டிப் போட்டுட்டீங்களாமே," என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"சரி வுடுங்க. என் பேரு இப்ப இருக்கா?"

"இருக்குக்கா."

"காட்டுங்க."

எடுத்துக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தேன். பெயரின் மேல் விரலை வைத்தார். "படிங்க," என்றார்.

"பேரயா?"

"எல்லாத்தையும். முப்பது வருசமா ஐயா என்னமோ எழுதுறாரு. என்னா எழுதினாருன்னு எனக்குத் தெரியாதுல்ல."

யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. உட்காரச் சொல்லிப் படித்தேன். கறுப்பிலிருந்து தொடங்கினேன். கையில் வெட்டு, ஆறு தையல். மழைக்காலத்துக் காய்ச்சல். மலையில் சறுக்கி விழுந்து தோள் வீக்கம். அட்டை கடித்த புண். "அது அந்த ஒத்தையடிப் பாதையில," என்றார். "அன்னைக்கு எங்கம்மா செத்த சேதி வந்திச்சு, ஓடினேன்." பிறகு நீலம்: ரத்தம் குறைவு, இரண்டு வருஷம். "ஆமா ஆமா, மண்ணு தின்னேன் அப்ப," என்று சிரித்தார். பிறகு சிவப்பு. பெனிசிலின். அதற்குக் கீழே பிரசவங்கள். ஐயா பிரசவங்களைச் சிவப்பில்தான் எழுதுவார். முதல் பிரசவம், ஆண். இரண்டாவது, ஆண். மூன்றாவது, பெண்.

நான் நிறுத்தினேன்.

"படிங்க தம்பி."

"ஏழாம் நாள் இறந்தது."

வாசலில் ராணி யாரோடோ பேசுவது கேட்டது.

"அதும் இருக்கா இதுல?"

"இருக்குக்கா."

"பேரு வைக்கல அதுக்கு. லயத்துல யாருக்கும் ஞாபகமில்ல. அதோட அப்பனுக்கே ஞாபகமில்ல. நாந்தான் கனவு கண்டேனோன்னு சில நாள் நெனப்பேன்." அட்டையை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் மூன்று நிறங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தை நான் கோயிலிலும் கண்டதில்லை.

"இம்புட்டும் நானா தம்பி?"

"நீங்கதான்க்கா."

அட்டையை என்னிடம் நீட்டினார்.

"இன்னொருக்கா படிங்க."

முதலிலிருந்து படித்தேன்.